கண்ணாடி உடையுமா என்று கேட்காதீர்கள், எப்படி உடையும் என்று கேளுங்கள்



நம் சங்கரன்கோவில் கடைவீதியில் ஒரு காலத்தில் எல்லாக் கடைக்கும் பலகை அடைப்புதான். காலையில் கடை திறக்கிறவர் எண் போட்ட பலகைகளை ஒவ்வொன்றாக உருவிச் சுவரோரம் சாத்தி வைத்துவிட்டு, வாசல் தெளித்து, சாமி படத்துக்கு ஊதுவத்தி கொளுத்திக் கல்லாவில் உட்காருவார். பிறகு இரும்பு ஷட்டர் வந்தது. ஒரே தூக்கில் கடை திறந்துவிடும். இப்போது கண்ணாடி வந்திருக்கிறது. முதலில் வங்கி, நகைக்கடை, ஜவுளிக்கடை என்று இருந்தது. இன்று பலசரக்குக் கடை வரை வந்துவிட்டது. வாடிக்கையாளர் தாமே சரக்கை எடுத்துக்கொள்ளும்படி கடையை மாற்றுகிற நம்மவர்கள் முகப்பு முழுவதும் கண்ணாடி போட்டு, உள்ளே ஏ.சி.யும் வைக்கிறார்கள்.

கண்ணாடி வேண்டாம் என்று சொல்ல இக்கட்டுரை எழுதப்படவில்லை. தெருப்புழுதி சரக்கின் மேல் படிவதில்லை, உள்ளே இருக்கும் சரக்கு தெருவில் போகிறவர் கண்ணில் படுகிறது, வியாபாரமும் கூடுகிறது. ஆனால் பலகை இருந்த இடத்தில் கண்ணாடி வந்தபோது அதனுடன் ஒரு பொறுப்பும் நம் வாசலுக்கு வந்துவிட்டது. பலகையில் மோதியவருக்கு நெற்றி புடைக்கும். கண்ணாடியில் மோதியவருக்கு என்ன ஆகும் என்பது நாம் எந்தக் கண்ணாடியை வாங்கினோம் என்பதைப் பொறுத்தது.

பெரும்பாவூரில் நடந்தது

2020-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் தேதி. செங்கோட்டை தாண்டி மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் உள்ள பெரும்பாவூர். மரத்துக்கும் பிளைவுட்டுக்கும் பெயர் பெற்ற வியாபார ஊர். அங்கே ஒரு வங்கிக் கிளைக்கு வந்த பெண்மணி ஒருவர், எதையோ மறந்தது நினைவுக்கு வர, அவசரமாக வெளியே ஓடினார். முன்வாசல் கண்ணாடிக் கதவு மூடியிருந்தது. அது அவர் கண்ணில் படவில்லை. ஓடிய வேகத்தில் நேரே மோதினார். கதவு உடைந்து, கண்ணாடித் துண்டு அவர் வயிற்றில் பாய்ந்தது. மருத்துவமனைக்குக் கொண்டு சென்றும் உயிரைக் காப்பாற்ற முடியவில்லை. கேமராவில் பதிவான அந்தக் காட்சி தொலைக்காட்சிகளில் வந்தது. நம்மில் பலரும் பார்த்திருப்போம்.

கடைக்கு வந்த வாடிக்கையாளர் அவசரமாக வெளியே போவது நம் கடைகளில் ஒரு நாளைக்கு எத்தனை முறை நடக்கிறது! பஸ் வந்துவிட்டது என்று ஓடுவார்கள். வண்டியில் சாவியை விட்டுவிட்டேன் என்று ஓடுவார்கள். கைப்பிள்ளை தெருவில் இறங்கிவிட்டது என்று ஓடுவார்கள். ஓட வேண்டாம் என்று நாம் போர்டு எழுதி வைக்க முடியாது. அவர்கள் ஓடுவார்கள், மோதுவார்கள் என்று எடுத்துக்கொண்டுதான் வாசலை அமைக்க வேண்டும்.

நம் ஊரிலும் இதைப் போன்ற ஒன்றை அடியேன் கண்ணால் பார்த்தேன். கடையின் பெயர் வேண்டாம். ஓர் ஆடித் தபசு சமயம். தபசுக் காட்சிக்கு ரத வீதியில் இடம் பிடிக்க வெளியூர் ஜனங்கள் காலையிலேயே வந்துவிடுவார்கள் என்பது நமக்குத் தெரியும். வெயில் தாங்காமல் ஒரு குடும்பம் ஏ.சி. கடைக்குள் ஒதுங்கியது. கையில் பலூனுடன் இருந்த ஏழெட்டு வயதுப் பையன் தெருவில் மேளச் சத்தம் கேட்டதும் பாய்ந்து ஓடினான். நடுவில் கண்ணாடி இருப்பது அவனுக்குத் தெரியவில்லை. 'டம்' என்று ஒரு சத்தம். கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தோம். கண்ணாடி உடையவில்லை, பையன் நெற்றி மட்டும் எலுமிச்சம்பழம் போல் வீங்கிவிட்டது. கடைக்காரர் ஐஸ் கட்டி வைத்து, கையில் மிட்டாய் கொடுத்து அனுப்பினார். பிறகு என்னிடம், "அண்ணாச்சி, என்ன கண்ணாடி போட்டிருக்குன்னு சத்தியமா எனக்கே தெரியாது. ஆசாரி போட்டாரு, நான் பணத்தைக் கொடுத்தேன்" என்றார். அவர் முகத்தில் அன்றைக்கு வந்த வியர்வை ஏ.சி.யிலும் அடங்கவில்லை.

நம்மில் பலருடைய நிலைமை இதுதான். பருப்பு வாங்கினால் கையில் அள்ளிப் பார்ப்போம். மிளகாய் வற்றல் வாங்கினால் காம்பை ஒடித்துப் பார்ப்போம். கண்ணாடியை மட்டும் போட்டவர் சொன்னதை நம்பி வாங்குகிறோம்.

கனம் கூடினால் பாதுகாப்பு கூடுமா?

கண்ணாடி போடுகிறவர்கள் வழக்கமாகச் சொல்வது, "பன்னிரண்டு எம்.எம். போட்டுடுங்க அண்ணாச்சி, யானை முட்டினாலும் அசையாது" என்பதுதான். கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 மி.மீ. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 30 கிலோ எடை. 4 அடி அகலம், 7 அடி உயரம் உள்ள ஒரு பலகை என்றால் சுமார் 78 கிலோ. அதாவது முக்கால் குவிண்டால் மூட்டையை விடச் சற்றுக் கூடுதல். அது சாதாக் கண்ணாடியாக இருந்து உடைந்தால், அந்த எடை முழுவதும் கத்தி போன்ற பெரிய பெரிய துண்டுகளாகக் கீழே இறங்கும். கனம் கூடினால் உடைவதற்குக் கூடுதல் அடி தேவைப்படும், உண்மைதான். ஆனால் உடையும் முறை மாறாது. உடைந்த பிறகு ஆபத்தும் கனத்தோடு சேர்ந்தே கூடுகிறது.

ஆகவே எத்தனை எம்.எம். என்ற கேள்வி இரண்டாவது கேள்வி. எந்த வகை என்பதுதான் முதல் கேள்வி.

மூன்று வகைக் கண்ணாடி

முதல் வகை சாதாக் கண்ணாடி. ஜன்னலுக்கும் அலமாரிக்கும் காலம் காலமாகப் போடுவது. கண்ணாடிக் கடைக்காரர் வைரக் கட்டரால் கோடு இழுத்து நம் கண் எதிரிலேயே உடைத்துக் கொடுப்பார். உடைந்தால் ஈட்டி முனை போன்ற நீளத் துண்டுகள் வரும்.

இரண்டாவது வகை டஃபன்ட் கண்ணாடி. சாதாக் கண்ணாடியையே உலையில் 600 டிகிரிக்கு மேல் சூடேற்றி, இரண்டு பக்கமும் காற்றைப் பீய்ச்சிச் சட்டென்று குளிர வைப்பார்கள். மேல்தோல் முதலில் இறுகிவிடும். உள்பகுதி பிறகு குளிர்ந்து சுருங்கும்போது மேல்தோலை உள்ளே இழுத்துப் பிடிக்கும். இந்த இறுக்கத்தால் சாதாக் கண்ணாடியைப் போல நான்கைந்து மடங்கு பலம் வருகிறது. அதைவிட முக்கியமானது, உடையும் விதம். திணித்து நிரப்பித் தைத்த அரிசி மூட்டையின் தையல் ஓரிடத்தில் விட்டுப்போனால் என்ன ஆகும்? மூட்டை முழுவதும் கொட்டிவிடும் அல்லவா? அது போலத்தான் இதுவும். ஓரிடத்தில் உடைந்தாலும் உள்ளே அடைபட்ட இறுக்கம் முழுவதும் விடுபட்டு, கண்ணாடி முழுவதும் கற்கண்டு போன்ற சிறு துண்டுகளாக உதிர்ந்துவிடும். தோலில் கீறல் வரலாம். வயிற்றில் பாயும் அளவுக்கு நீளத் துண்டு வராது.

மூன்றாவது வகை லேமினேட்டட் கண்ணாடி. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பி.வி.பி. என்ற பிளாஸ்டிக் தாளை வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒட்டியது. கார்களின் முன் கண்ணாடி இந்த வகைதான். உடைந்தாலும் துண்டுகள் தாளில் ஒட்டிக்கொண்டு அங்கேயே நிற்கும். இது பிறந்த கதை சுவையானது. 1903-ல் பிரான்ஸ் நாட்டு எதுவார் பெனடிக்டஸ் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடிக் குடுவை கீழே விழுந்தது. விரிசல் விட்டது, ஆனால் சிதறவில்லை. முன்பு அதற்குள் இருந்த ஒரு ரசாயனம் காய்ந்து உட்புறம் படலமாகப் படிந்திருந்ததே காரணம் என்று கண்டார். 1909-ல் அந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

கடை வாசல் கதவுக்கும் பக்கக் கண்ணாடிச் சுவருக்கும் டஃபன்ட் போதும். தலைக்கு மேலே வருகிற கண்ணாடிக்கும், மாடியில் தடுப்பாக நிற்கிற கண்ணாடிக்கும் லேமினேட்டட்தான் ஏற்றது. டஃபன்ட் கண்ணாடிக்கு ஒரு குறை உண்டு. உருக்கும்போது உள்ளே சிக்கிய நிக்கல் சல்ஃபைடு என்ற மிகச் சிறு துகள், மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழித்து மெல்லப் பருத்து, யாரும் தொடாமலே கண்ணாடியை உதிர வைத்துவிடும். இதற்காகத்தான் பெரிய கட்டடங்களுக்குப் போகும் கண்ணாடியை மறுபடியும் சுமார் 290 டிகிரி சூட்டில் வைத்து, உடைய வேண்டியதை ஃபாக்டரியிலேயே உடையவிட்டு விடுகிறார்கள். சென்னை விமான நிலையத்தில் 2013-ல் புதிய முனையங்கள் திறந்த பிறகு கண்ணாடிகளும் மேற்கூரைப் பலகைகளும் அடுத்தடுத்து உடைந்து விழுந்ததும், 'இது இத்தனையாவது தடவை' என்று நாளிதழ்கள் எண்ணிக்கை போட்டே செய்தி வெளியிட்டதும் நமக்கு நினைவிருக்கும். அத்தனை பெரிய கட்டடத்திலேயே தலைக்கு மேலே இருப்பது விழும் என்றால், நாம் தகரக் கொட்டகையை மாற்றி முகப்பில் கண்ணாடிக் கூரை போடும்போது ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிக்க வேண்டும்.

சோதனைச் சாலையில் என்ன செய்கிறார்கள்?

"இது பாதுகாப்பான கண்ணாடி" என்று ஒரு கம்பெனி எதை வைத்துச் சொல்கிறது? இதற்கென்று முறையான சோதனைகள் இருக்கின்றன.

ஐரோப்பாவில் 2002 முதல் உள்ள ஒரு தர நிர்ணயத்தின்படி, சுமார் 6 அடி 4 அங்குல உயரமும் 2 அடி 10 அங்குல அகலமும் உள்ள கண்ணாடியை இரும்புச் சட்டத்தில் நிறுத்துகிறார்கள். 50 கிலோ எடையுள்ள, இரண்டு காற்றடைத்த டயர்கள் மாட்டிய ஒரு குண்டைக் கம்பியில் தொங்கவிட்டு, பின்னால் இழுத்து, ஊஞ்சல் போல விடுகிறார்கள். நம் கணக்கில் சொன்னால் ஒரு சீனி மூட்டையை ஊஞ்சலில் கட்டி மோதவிடுவது போல. ஆள் மோதும்போது உடம்பு சற்று அமுங்கும் அல்லவா, அதற்காகத்தான் டயர். அமெரிக்காவில் ஈயக் குண்டுகள் நிரப்பிய 45 கிலோ தோல் பையைப் பயன்படுத்துகிறார்கள். அங்கே வீடுகளின் கண்ணாடிக் கதவுகளில் குழந்தைகள் மோதிக் காயம்பட்ட பின், 1966-ல் தர நிர்ணயம் வந்து, 1977-ல் அரசாங்கமே கட்டாய விதியாக்கியது.

குண்டை மூன்று உயரங்களிலிருந்து விடுகிறார்கள். 19 செ.மீ. உயரம் என்றால் மோதும் வேகம் மணிக்கு சுமார் 7 கி.மீ., வேகமாக நடக்கிற ஆள். 45 செ.மீ. என்றால் சுமார் 11 கி.மீ., மெல்ல ஓடுகிற ஆள். 120 செ.மீ. என்றால் சுமார் 17 கி.மீ., பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற ஆள்.

இங்கே கவனிக்க வேண்டியது என்னவென்றால், கண்ணாடி உடைந்தால் தோல்வி என்று அவர்கள் எழுதுவதில்லை. உடையாமல் நின்றால் தேறியது. உடைந்தாலும், பாதுகாப்பாக உடைந்தால் அதுவும் தேறியதே. லேமினேட்டட் என்றால், விரிசல் வழியாக 3 அங்குல உருண்டை ஒன்று நுழையக்கூடாது. டஃபன்ட் போல உதிர்கிற வகை என்றால், மூன்று நிமிடத்துக்குள் மிகப் பெரிய பத்துத் துண்டுகளைப் பொறுக்கித் தராசில் வைக்கிறார்கள். அந்தப் பத்தும் சேர்ந்து, அதே கண்ணாடியில் 65 சதுர செ.மீ. பரப்பு எடையைத் தாண்டக்கூடாது. 12 மி.மீ. கண்ணாடிக்கு இது சுமார் 195 கிராம்தான். பத்துத் துண்டும் சேர்ந்து கால் கிலோ கூட இல்லை. துண்டு சிறிதானால் காயமும் சிறிது. தராசு பிடித்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இன்னொரு சோதனை, கண்ணாடியின் ஓரத்தில் கூர்மையான சுத்தியால் தட்டி உதிரவிட்டு, 5 செ.மீ.க்கு 5 செ.மீ. சதுரத்துக்குள் எத்தனைத் துண்டுகள் என்று எண்ணுவது. ஐரோப்பிய விதிப்படி 4 முதல் 12 மி.மீ. வரை உள்ள டஃபன்ட் கண்ணாடிக்கு 40 துண்டுகளாவது இருக்க வேண்டும். குறைந்தால் உலை வேலை சரியில்லை என்று பொருள்.

நம் நாட்டிலும் இதற்குத் தர நிர்ணயம் உண்டு. பாதுகாப்புக் கண்ணாடிக்கு ஐ.எஸ். 2553, பகுதி 1. இது 1990-ல் இருந்தது, 2018-ல் திருத்தப்பட்டது. கட்டடங்களில் மனிதர் மோதும் ஆபத்தைப் பற்றித் தனியாகவே ஐ.எஸ். 16231, பகுதி 4 இருக்கிறது. பாதுகாப்புக் கண்ணாடிக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும் என்று மத்திய அரசு 2020-ல் தரக் கட்டுப்பாட்டு ஆணையும் பிறப்பித்தது. இந்த எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் கொடுக்கும்போது எண்ணைச் சொல்லிக் கேட்கிற வாடிக்கையாளரிடம் யாரும் எளிதில் தள்ளிவிட மாட்டார்கள்.

நாமே இடித்துப் பார்க்கலாமா?

கூடாது. கனடா நாட்டு டொரான்டோ நகரில் 1993 ஜூலை 9-ஆம் தேதி நடந்ததைக் கேளுங்கள். டொரான்டோ டொமினியன் சென்டர் என்ற உயரக் கட்டடத்தின் 24-ஆவது மாடி. அங்கே வேலை பார்த்த வழக்கறிஞர் ஒருவர், பார்க்க வந்த மாணவர்களிடம், 'இந்தக் கண்ணாடி உடையவே உடையாது' என்று காட்டுவதற்காகத் தோளால் ஓடிப் போய் மோதினார். முன்பும் அப்படிச் செய்து காட்டியவர்தான். அன்றைக்கும் முதல் தடவை மோதியபோது ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் தடவை மோதினார். அப்போதும் கண்ணாடி உடையவில்லை. சட்டத்தை விட்டு முழுதாகக் கழன்று வெளியே போயிற்று. அவரும் அதோடு போய்விட்டார்.

இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. கண்ணாடியை எந்த அளவு சோதித்தாலும், அதைப் பிடித்திருக்கிற சட்டத்தைச் சோதிக்காவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. நம் கடைகளில் அலுமினியம் செக்‌ஷனை நான்கு ஸ்க்ரூவில் சுண்ணாம்புச் சுவரில் முடுக்கிவிட்டு, இடைவெளியைச் சிலிக்கான் பேஸ்ட் போட்டு மூடிவிடுகிறார்கள். நல்ல கண்ணாடிக்கு நோஞ்சான் சட்டம்! இரண்டாவது, ஒரு தடவை தாங்கியது அடுத்த தடவைக்குச் சான்று ஆகாது. டஃபன்ட் கண்ணாடி நடுவில் விழும் அடியை நன்றாகத் தாங்கும். ஓரத்திலும் மூலையிலும்தான் அதன் உயிர்நிலை. ஷட்டர் கம்பி அல்லது எண்ணெய் டின் விளிம்பு மூலையில் பட்டால் முழுவதும் உதிர்ந்துவிடும். ஆகவே சோதனை என்பது சோதனைச் சாலையில், அதற்கென்று செய்த மாதிரிக் கண்ணாடியில் நடக்க வேண்டியது. நம் கடையில் நடக்க வேண்டியது விசாரணை.

ஆர்டர் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

ஒன்று: "கண்ணாடியை எங்கே அறுப்பீர்கள்?" என்று கேளுங்கள். டஃபன்ட் கண்ணாடியை உலைக்குப் போன பிறகு அறுக்கவும் முடியாது, துளை போடவும் முடியாது. அளவெடுத்துக்கொண்டு போய், பூட்டுக்கும் கைப்பிடிக்கும் துளை உட்பட எல்லாவற்றையும் முடித்துத்தான் உலையில் ஏற்றுவார்கள். "இங்கேயே வைத்து அரை அங்குலம் அறுத்துச் சரி பண்ணிவிடலாம்" என்று ஒருவர் சொன்னால், அவர் கொண்டு வந்தது டஃபன்ட் அல்ல. இதை விட எளிய பரிசோதனை கிடையாது.

இரண்டு: கண்ணாடி மூலையில் அழியாத முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனி பெயரும் ஐ.எஸ்.ஐ. அடையாளமும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' என்ற கைப்பேசிச் செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். ஒட்டும் ஸ்டிக்கரை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

மூன்று: பில்லில் 'கண்ணாடி 12 எம்.எம்.' என்று மட்டும் எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 'டஃபன்ட், ஐ.எஸ். 2553' என்று எழுதச் சொல்லி, அந்தப் பில்லைப் பத்திரமாக வையுங்கள். சாதாவுக்கும் டஃபன்டுக்கும் விலை வித்தியாசம் உண்டு. வித்தியாசத்தைக் கொடுத்துவிட்டுச் சாதாவை வாங்கி வந்தவர்களும் உண்டு.

நான்கு: சட்டம் எதில் நிற்கிறது என்று பாருங்கள். கதவு என்றால் கீழே ஃப்ளோர் ஸ்பிரிங், மேலே பிட்டிங் இரண்டும் உறுதியாக இருக்க வேண்டும். கண்ணாடி விளிம்பு சிமெண்டிலோ இரும்பிலோ நேராக உரசக் கூடாது. நடுவில் ரப்பர் வேண்டும்.

ஐந்து: எல்லாக் கண்ணாடிக்கும் கூடுதல் செலவு தேவையில்லை. ஆள் மோதும் இடம் எது என்று பார்த்துச் செய்தால் போதும். பிரிட்டன் நாட்டு விதிகளில், கதவிலும் கதவை ஒட்டி ஓர் அடிக்குள் வரும் பக்கக் கண்ணாடியிலும் தரையிலிருந்து 5 அடி உயரம் வரையும், மற்றச் சுவர்களில் தரையிலிருந்து சுமார் 2 அடி 8 அங்குலம் வரையும் ஆபத்தான இடம் என்று குறித்திருக்கிறார்கள். மேலே எட்டாத உயரத்தில் இருக்கும் சிறு ஜன்னலுக்கு வேறு கணக்கு.

கண்ணுக்குத் தெரிய வேண்டும்

எந்தக் கண்ணாடியானாலும், இருக்கிறது என்று தெரிந்தால் யாரும் மோத மாட்டார்கள். பெரும்பாவூர்ப் பெண்மணிக்கும் தபசுக்கு வந்த பையனுக்கும் நேர்ந்தது அதுதான். கதவு இருப்பது தெரியவில்லை. கடையைத் திறக்கும்போது பளபளவென்று துடைத்து வைக்கிறோம். துடைக்கத் துடைக்க ஆபத்து கூடுகிறது என்பதை யோசித்தோமா?

பிரிட்டன் விதிப்படி இரண்டு உயரங்களில் அடையாளம் வேண்டும்: தரையிலிருந்து 85 செ.மீ.க்கும் 1 மீட்டருக்கும் இடையில் ஒன்று, 1.4 மீட்டருக்கும் 1.6 மீட்டருக்கும் இடையில் இன்னொன்று. நம் கணக்கில் 3 அடியில் ஒன்று, 5 அடியில் ஒன்று. கீழே இருப்பது பிள்ளைகளுக்கு, மேலே இருப்பது பெரியவர்களுக்கு. பனி மூட்டம் போன்ற ஸ்டிக்கர் பட்டையோ, கடைப் பெயரோ, கோலமோ எதுவாகவும் இருக்கலாம். இதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். இக்கட்டுரையில் சொன்ன அத்தனையிலும் நாளைக் காலையிலேயே செய்யக்கூடியது இது ஒன்றுதான்.

ஏற்கெனவே போட்டவர்கள்

முத்திரை இல்லை, பில்லிலும் இல்லை, போட்டவரும் இப்போது ஊரில் இல்லை என்றால்? போலராய்ட் கூலிங் கிளாஸ் ஒன்றை மாட்டிக்கொண்டு, காலை அல்லது மாலை வெளிச்சத்தில் கண்ணாடியைச் சாய்வாகப் பாருங்கள். டஃபன்ட் என்றால் காற்று பீய்ச்சிய இடங்கள் மங்கலான புள்ளிகளாகவோ பட்டைகளாகவோ தெரியும். ஒன்றுமே தெரியாவிட்டால் சாதாக் கண்ணாடி என்று எண்ணியே நடவடிக்கை எடுப்பது நல்லது.

வசதி இருந்தால் கதவையும் அதை ஒட்டிய பலகையையும் மட்டும் முதலில் மாற்றுங்கள். உடனே முடியாவிட்டால், உள்பக்கம் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டச் சொல்லுங்கள். உடைந்தாலும் துண்டுகளை ஓரளவு பிடித்து வைக்கும். குளிர்ச்சிக்கு ஒட்டும் கருப்பு ஃபிலிம் வேறு, இது வேறு. கேட்டு வாங்க வேண்டும். பக்கக் கண்ணாடிச் சுவருக்கு முன்னால் இடுப்புயரத்தில் ஒரு குழாய்க் கம்பி அல்லது சரக்கு ரேக் வைத்தாலும் ஆள் நேரே போய் மோத முடியாது. எண்ணெய் டின், மூட்டை முதலியவற்றைக் கண்ணாடியில் சாய்த்து அடுக்காதீர்கள். மூலையில் சிறு சில்லு பெயர்ந்திருந்தால் ஒட்டுப் போட்டு மறைக்காமல் மாற்றிவிடுங்கள்.

சட்டமும் இன்சூரன்சும்

கடைக்காரர்களுக்கான பாலிசிகளில் 'பிளேட் கிளாஸ்' என்ற ஒரு பகுதியைச் சேர்த்துக்கொள்ளலாம். பலரும் அதைச் சேர்த்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அது உடைந்த கண்ணாடிக்குத்தான் பணம் தரும். அடிபட்ட ஆளுக்குத் தராது. வாடிக்கையாளருக்கு ஏற்படும் காயத்துக்கு 'பப்ளிக் லயபிலிட்டி' என்ற பகுதி தனியாக இருக்கிறது. ஏஜெண்டிடம் இரண்டையும் கேளுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவு, கவனக்குறைவால் ஒருவர் உயிர் போனால் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடம் தருகிறது. முன்பு இது இரண்டு ஆண்டாக இருந்தது. ஒரு விபத்தில் யார் மேல் தவறு என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும். ஆனால் அப்போது நம் கையில் இருக்க வேண்டிய காகிதம், 'டஃபன்ட், ஐ.எஸ். 2553' என்று எழுதிய அந்தப் பில்தான்.

சட்டத்துக்கு மேலே இன்னொன்றும் இருக்கிறது. நம் கடைக்கு வருகிறவர்கள் நம்மை நம்பி வருகிறவர்கள். அப்பா காலத்தில் கணக்குப் புத்தகத்தில் எழுதி வாங்கிய குடும்பத்தின் பேரப்பிள்ளை இன்று கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறது. அந்தப் பிள்ளை ஓடினாலும் விழுந்தாலும் பத்திரமாக வீட்டுக்குப் போக வேண்டும். சரக்கில் கலப்படம் இல்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்கிற வியாபாரி, தன் வாசலைப் பற்றியும் அப்படிச் சொல்ல முடிய வேண்டும்.

தபசுக் கடையில் அன்று வியர்த்துப் போன நண்பர் மறுவாரமே கதவில் இரண்டு பட்டை ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார். அடுத்த மாதம் கண்ணாடியையும் விசாரித்தார். கதவு டஃபன்ட், பக்கச் சுவர் சாதா என்று தெரிந்தது. பையன் மோதியது கதவில். இரண்டடி தள்ளி மோதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். பக்கச் சுவரை மாற்றிவிட்டார்.

உங்கள் கடை வாசலையும் இன்று ஒரு தடவை புதிதாகப் பாருங்கள்.